கோட்டுக்குக் கீழே நின்ற தண்ணீர்

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே கருப்பண்ணனைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் ஒன்றுதான் சொல்வார்கள்: "அவரு பேச்சு வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டுங்க." பாகப் பிரிவினையோ, வரப்புத் தகராறோ, மாடு மேய்ந்த வழக்கோ, எதுவானாலும் அவருக்கு ஆள் வரும். போய் உட்கார்ந்து, இரண்டு பக்கத்தையும் வாய் வலிக்கும்வரை பேசவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். அதற்குமேல் பேச யாருக்கும் எதுவும் மிச்சமிருக்காது. எழுதப் படிக்கத் தெரியாத மனிதருக்கு இவ்வளவு கூர்மையான நாக்கை யார் கொடுத்தார்களோ தெரியவில்லை. அந்த நாக்கு சொன்ன ஒரு வாக்கியம்தான் அவர் காட்டையும் வீட்டையும் வாரிக்கொண்டு போயிற்று.

அவருடைய ஊர் கரட்டுப்பாளையம். கருப்பண்ணன், மணியன், ரங்கன் மூவரும் அண்ணன் தம்பிமார் பெற்ற பிள்ளைகள். மூத்தவர் கருப்பண்ணன், கடைசி ரங்கன். பாட்டன் வெட்டிய கிணற்றில் ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு நாள் ஒருவர் முறை. முறைக்காரர் விடியும்போது கவலை ஏற்றத்தில் மாட்டைப் பூட்டினால் பொழுது சாயும்வரை தோல் சாலில் தண்ணீர் இறைத்துத் தன் காட்டுப் பயிருக்கு விடுவார். மறுநாள் அடுத்தவர். மூன்று தலைமுறையாக இதில் ஒரு சச்சரவு வந்ததில்லை.

அந்தப் பூமியின் குணத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. மேலே ஓர் ஆள் உயரத்துக்குச் செம்மண். அதன் கீழே கையால் பிட்டால் உதிரும் சுக்கான். அதற்கும் கீழே கருங்கல். பெய்த மழை செம்மண்ணிலும் சுக்கானிலும் சுலபமாக இறங்கும். கருங்கல்லைத் தொட்டதும் போக வழியில்லாமல் அதன் முதுகின்மேலேயே சரிவு பார்த்து நகரும். வழியில் கிணறு குறுக்கிட்டால் அதன் சுவரில் கசிந்து விழும். அப்படிக் கசிகிற இடத்துக்குப் பெயர் ஊற்றுக்கண். இவர்கள் கிணற்றின் கண் கிழக்குச் சுவரில், கிணற்றின் அடித்தரைக்கு மேல் முழங்கால் உயரத்தில் இருந்தது. இரவெல்லாம் அது வடியும், பகலில் இவர்கள் இறைப்பார்கள். கோடையில்தான் தொல்லை. அடித்தரை கருங்கல்லாக இருந்ததால் இரவில் வடிகிற தண்ணீர் தேங்க இடம் போதாமல் ஓரச் சுக்கானிலேயே திரும்பவும் உறிஞ்சப்பட்டுவிடும்.

மேட்டூரில் அணை வேலை தொடங்கிய சமயம் அது. அந்தத் தை மாதம் பாறையைக் குடைந்து கிணற்றை ஆழமாக்குவது என்று மூவரும் முடிவு செய்தார்கள். ஆழமானால் கண்ணில் வடிவதெல்லாம் குழியில் நிற்கும், வீணாகாது. கூலிக்கு ஆள் வைக்க வக்கில்லை. தாங்களே இறங்கி உளியும் சம்மட்டியுமாக உடைக்கவேண்டும். வேலை தொடங்குகிற அன்று ரங்கனுடைய மாமனார் ஊரிலிருந்து ஆள் வந்தது. அவன் மனைவி சின்னாயி தலைப்பிரசவத்துக்கு அங்கே போயிருந்தாள். பிள்ளை பிறந்துவிட்டது, தாய்க்கு ஜன்னி கண்டிருக்கிறது என்றார்கள். ரங்கன் சம்மட்டியைப் போட்டுவிட்டு ஓடினான்.

சின்னாயி பிழைத்து எழுந்து நடமாட மாசி முழுவதும் ஆயிற்று. பங்குனியில் ரங்கன் பெண்டாட்டி பிள்ளையோடு திரும்பியபோது பாறையில் இரண்டு ஆள் ஆழம் இறங்கியிருந்தது. கருப்பண்ணனுக்கும் மணியனுக்கும் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. கல் சில்லு தெறித்துக் கருப்பண்ணனின் இடது புருவம் கிழிந்து காய்ந்திருந்தது. ரங்கன் மறுநாள் தன் முறை என்று மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தான். கருப்பண்ணன் கவலை மாடு நடக்கும் வாரியில் குறுக்கே நின்றார்.

"எங்கடா ஓட்டிக்கிட்டு வார?"

"என்ற முறைங்கண்ணா இன்னிக்கு."

கருப்பண்ணன் அவனைக் கிணற்றுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பழைய தரை இருந்த மட்டத்தில், சுவரைச் சுற்றி உளியால் ஒரு கோடு கிழித்திருந்தார். "கோட்டுக்கு மேல நிக்கற தண்ணி மூணு பேர்த்துக்கும் பொது. கீழ நிக்கறது வெட்டுனவனுக்கு" என்றார்.

கோடைத் தண்ணீர் கோட்டைத் தொடவே தொடாது என்பது மூன்று பேருக்கும் தெரியும். ரங்கன் கிழக்குச் சுவரைக் காட்டினான். அவனும் அதே ரத்தம்தானே, அவனுக்கும் பேசத் தெரியும். "கண்ணு கோட்டுக்கு மேலதானுங்கண்ணா இருக்குது. அதுல இருந்து வார தண்ணிதான கீழ நிக்குது? அப்ப அதுல எனக்குப் பங்கு இல்லையா?"

"எங்க இருந்து வருதுன்னு பாத்தா மழை பெய்யற மானத்துக்கில்லடா பங்கு போடோணும்? எங்க நிக்குதோ, அதாண்டா கணக்கு."

மேலே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்று மாலை ஊர் முழுக்க அந்தப் பேச்சுதான். கருப்பண்ணன் சொன்னால் சொன்னதுதான் என்று மெச்சினார்கள். ஜன்னி கண்ட பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சம்மட்டி பிடிக்க எப்படி வருவான் என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நல்ல பேச்சு காதில் விழுந்துவிட்டால் நம்மவர்களுக்கு நியாயம் மறந்துவிடும்.

இரண்டு கோடை பார்த்தான் ரங்கன். மழைக்காலத்தில் எல்லாருக்கும் தண்ணீர் இருந்தபோது அவனுக்கும் இருந்தது, வேண்டிய காலத்தில் இல்லை. காட்டை மணியனிடம் ஒப்படைத்துவிட்டு, கைப்பிள்ளையோடும் சின்னாயியோடும் குமாரபாளையத்துக்குப் பிழைக்கப் போனான். போகிறபோது கருப்பண்ணன் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொள்ளவில்லை. அவர் மனைவி ஆராயி வேலியோரம் நின்று பார்த்தாள். உள்ளே வந்து, "ஒரு சொம்பு மோராச்சும் குடிச்சுட்டுப் போன்னு கூப்புட்டிருக்கலாமுங்க" என்றாள். "வேண்டாம்னு யாரு சொன்னா?" என்றார் கருப்பண்ணன். அவர் மனசில் சங்கடம் இருந்தது. அதை ஒத்துக்கொண்டால் வாக்கியம் கெட்டுப்போகும்.

பிறகு பத்து வருஷம் நன்றாகவே போயிற்று. கருப்பண்ணனுக்குப் பிள்ளை கிடையாது. காடுதான் பிள்ளை. மஞ்சள் போட்டார், ராகி போட்டார், ஓரத்தில் ஆராயியின் ஆசைக்காக நாலு எலுமிச்சை வைத்தார். மணியனுக்கு மூன்று ஆண் பிள்ளைகள், மூன்றும் கடப்பாரையை ஈர்க்குச்சி மாதிரிச் சுழற்றுகிற வயதுக்கு வந்துவிட்டார்கள்.

அப்புறம் மழை குறைந்தது. ஐப்பசியில் கொட்டவேண்டியது தூறிவிட்டுப் போயிற்று. அடுத்த வருஷமும் அப்படியே. கண்ணில் வடிவது இளைத்தது. மேட்டூரில் அணை கட்டி முடித்துவிட்டதால், அங்கே பாறை பிளந்து பழகிய வெடிக்காரர்கள் வேலை தேடி ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார்கள். மணியன் வந்து கேட்டான்: "அண்ணா, மருந்து வெச்சு இன்னொரு தட்டு எறக்கலாமுங்களா? வெடிக்காரனுக்குச் சோறு போட்டாப் போதும், கல்லு அள்ள எங்க பசங்க இருக்கறாங்க. நீங்க வந்து நின்னாப் போதும்."

கருப்பண்ணன் சிரித்தார். "ஏண்டா, கண்ணுல வாரது அவ்வளவுதான். பானையைப் பெருசாக்குனாச் சோறு பெருகுமா?"

மறுபடியும் ஒரு வாக்கியம். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பே இல்லை. அந்தப் பூமியை அவர் அறிந்த அளவுக்கு அது முழுக்கச் சரி. தண்ணீர் கருங்கல்லின் முதுகில்தான் வரும், கல்லுக்குள் கல்தான் இருக்கும், அவர் அப்பனும் பாட்டனும் அப்படித்தான் கண்டார்கள். மணியன் இரண்டாம் முறையும் வந்து கேட்டான். மூன்றாம் முறை தன் மூத்த மகனை அனுப்பினான். "சொன்னதச் சொன்னேன்னு போய்ச் சொல்லு" என்று அனுப்பிவிட்டார். ஊரெல்லாம் கேட்க ஒன்று சொல்லிவிட்டு, அப்புறம் கல் அள்ளப் போய் நிற்க அவரால் முடியவில்லை. அதுதான் உண்மையான காரணம்.

மணியன் தன் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தானே வெடி வைத்தான். கல்லுக்குள் கல்தான் இருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் விரிசல் இருந்தது. கடைசி வெடியில் வடமேற்கு மூலையில் அது திறந்து, புகை அடங்கும்போது அடியில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்ததாம். மணியனின் பிள்ளைகள் கூவிய கூவலில் ஊரே ஓடி வந்தது. கருப்பண்ணனும் வந்தார். எட்டிப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் அவர் முறை. மாட்டைப் பூட்டப் போனார். மணியன் வாரியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்றான், மரியாதைக்குக் குறைவில்லை.

"நான் புதுசா ஒண்ணும் பேசலைங்கண்ணா. வெடிக்கு முந்தி இருந்த தரைக்கு மேல நின்னா உங்க பங்கு உங்களுது. கீழ நிக்கறது வெட்டுனவனுது. நீங்க சொன்னதுதானுங்க."

புதுத் தண்ணீர் அந்தத் தரைவரை ஏறாது என்பது இருவருக்கும் தெரியும். கருப்பண்ணன் மாட்டைத் திருப்பிக்கொண்டார். மணியனைக் கெட்டவன் என்று நினைத்துவிடக்கூடாது. மூன்று முறை கேட்டவன் அவன். குடிக்கத் தண்ணீருக்கு அவனுக்கு நங்கையான, அதாவது அண்ணியான, ஆராயி குடத்தோடு வந்தால் அவனே இறங்கி மொண்டு கொடுத்து, "குடிக்கற தண்ணிக்குக் கோடு ஏதுங்க நங்கை, தெனமும் வாங்க" என்பான். பயிருக்கு மட்டும் இல்லை. பயிருக்கென்று ஒரு நியாயம் ஏற்கெனவே இருந்தது, அதைப் போட்டவர் கருப்பண்ணன்.

சும்மா கிடக்கிற ஆளா அவர்? ஊற்றுக்கண்ணுக்கு நேர் கீழே, கோட்டுக்கு மேலேயே, சுவரில் ஒரு தொட்டி குடைந்தார். கண்ணில் வடிவது குழிக்குள் விழாமல் தொட்டியில் நிற்கும். கோட்டுக்கு மேலே நிற்பதால் அதில் தனக்குப் பங்கு உண்டு. அறுபதை நெருங்குகிற உடம்போடு கயிற்றில் தொங்கிக்கொண்டு குடைந்தார். தொட்டி நிறைந்த முதல் நாள் மணியனின் மூத்த மகன் வந்தான்.

"பெரியப்பா, கோட்டுக்கு மேல நிக்கறது மூணு பங்குங்க. ரங்கன் சித்தப்பாவோட பங்கும் எங்ககிட்டத்தான இருக்குது. மூணு நாளுல ஒரு நாளு நீங்க எடுத்துக்குங்க."

கருப்பண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் வரவில்லை. பையன் பேச்சைக் கச்சிதமாக வெட்டியிருந்தான்; அதை ரசிக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. மூன்று நாளில் ஒரு நாள் அவரும் ஆராயியும் தொட்டித் தண்ணீரைக் குடத்தில் சுமந்து எலுமிச்சைக்கும் ஒரு பாத்தி மஞ்சளுக்கும் ஊற்றினார்கள். அதுவும் வைகாசி வரைக்கும்தான். கீழே விரிசல் திறந்துகொண்டதால் பாறையின்மேல் நின்ற தண்ணீரெல்லாம் அந்த வழியாகவே இறங்கிப்போக ஆரம்பித்தது. மேலே இருந்த கண்ணுக்கு வந்து சேர ஒன்றும் மிஞ்சவில்லை. முதலில் சொட்டியது, பிறகு ஈரமாக மட்டும் இருந்தது, ஆனி பிறக்கும்போது அதில் சிலந்தி கூடு கட்டிவிட்டது. தண்ணீர் நிறைந்த கிணற்றில், தண்ணீரே வராத பாகத்தில் கருப்பண்ணனுக்கு மூன்றில் ஒரு பங்கு இருந்தது.

அதன்பிறகுதான் ஊர்ப் பெரியதனக்காரர் கைலாசத்திடம் போனார். பிறர் வழக்கைத் தீர்க்கப் போன வாசலில் தன் வழக்கைச் சொல்ல நின்றார். மணியனையும் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் பேசினார்கள். கைலாசம் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு சொன்னார்.

"கோடு போட்டது நீ. இப்ப வேண்டாங்கறதும் நீ. மணியன் வேணுங்கறான். அன்னிக்கு மூணு பங்குக்காரன்ல மூணாவது ஆளு ரங்கன். அவன் வந்து, நான் இந்தக் கோட்டுக்கு ஒத்துக்கவே இல்லைன்னு ஊர் முன்னால சொல்லட்டும். ரெண்டு பேரு வேண்டாம்னா அந்தக் கோடு செல்லாது. தண்ணி பழையபடி நாள் முறைக்கு வரும். ரங்கன் சொல்லாட்டி, கோடு கோடுதான். தண்ணியில்லாத காட்டையும் வீட்டையும் மணியன்கிட்ட ஒப்படைச்சுட்டு, ரங்கன் மாதிரி நீயும் பொழைக்கப் போக வேண்டியதுதான்."

மணியன் சரி என்று தலையாட்டினான்.

கருப்பண்ணன் வீட்டுக்கு வந்து ஆராயியிடம் சொன்னார். அவள் முகத்தில் பல நாளுக்குப் பிறகு வெளிச்சம் தெரிந்தது. "ரங்கன் சொல்லுவானுங்க. அவன் ஒத்துக்கலைங்கறது ஊரறிஞ்சதாச்சே" என்றாள். கம்பஞ்சோற்றைக் கட்டிக் கொடுத்தாள். அவர் திருச்செங்கோடு வழியாக நடந்தே போனார்.

குமாரபாளையத்தில் காவிரி இரண்டு கரையும் தொட்டு ஓடியது. மேட்டூரில் புதுத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். கருப்பண்ணன் படித்துறையில் நின்று, போகிற தண்ணீரை வாய் பிளந்து பார்த்தார். எங்கோ தஞ்சாவூருக்குப் போகிற தண்ணீர் அது. ஒரு பொழுது ஓடுவதைக் கரட்டுப்பாளையத்துக்குக் கொடுத்தால் ஊரே பல வருஷம் பிழைக்கும் என்று தோன்றியது. படித்துறைக்கு அப்பால் சாயப்பட்டறை ஆட்கள் இடுப்பளவு ஆற்றில் நின்று சாயம் போட்ட நூலை அலசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் ரங்கன். தலை நரைத்திருந்தது. கை முழங்கை வரை நீலம்.

"அண்ணனுங்களா?" என்று கரையேறி ஓடி வந்தான். "வாங்க, வாங்க. நங்கை சௌக்கியமுங்களா?"

அவன் காலைப் பார்த்தார் கருப்பண்ணன். வருஷக்கணக்காக நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக வெடித்துப் புண்ணாகியிருந்தது. 

வீடு என்பது ஒரே அறை. சின்னாயி சோறு போட்டாள். வீட்டில் பிள்ளைகள் இருப்பதாகத் தெரியவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியபிறகும் கருப்பண்ணன் ஊர்க் கதை, மழைக் கதை, மாட்டுக் கதை என்று சுற்றிச் சுற்றி வந்தார். வாழ்நாளில் அவர் அத்தனை வாக்கியம் வீணாக்கியதில்லை. கடைசியில் ரங்கனே, "எதோ சொல்ல வந்தீங்கண்ணா" என்றான். சொன்னார். வெடி வைத்தது, விரிசல், தொட்டி, கைலாசம் சொன்னது எல்லாம்.

"நீ ஒண்ணும் பொய் சொல்ல வேண்டியதில்லடா. ஒத்துக்கலைன்னு சொன்னாப் போதும்."

"ஒத்துக்கலைங்கறது நெசந்தானுங்க" என்றான் ரங்கன்.

கருப்பண்ணனுக்கு உயிர் வந்தது. "அப்ப நாளைக்கே பொறப்படு."

 அடுப்படியில் சின்னாயி பாத்திரம் கழுவிய சத்தம் நின்றது.

"அண்ணா, இங்க வந்த புதுசுல உங்க மேல இருந்த ஆத்திரத்துக்கு அருவாளோட வந்திருப்பனுங்க. மறு வருசமே கைப்பிள்ளையா வந்த அந்தப் பையன் பேதியில போயிட்டான். அவனையும் அவனைப் பெத்தவளையும் பாக்கத்தான நான் வெட்டு வேலையை உட்டுப்போட்டு ஓடுனேன்? ஊர்ல இருந்தாப் பொழைச்சிருப்பான், ஊர்ல இருந்தாப் பொழைச்சிருப்பான்னு இவ ராவும் பகலும் அதையே சொல்லிக்கிட்டுக் கெடந்தா. எனக்கும் சோறு எறங்கலை. அப்பறம் ஒருநாள் ஆத்துல நின்னுக்கிட்டு யோசிச்சேன். அண்ணன் சொன்னது நியாயந்தான், வெட்டாதவனுக்கு வெட்டுன தண்ணி எப்படி வரும்னு. அப்படி நெனச்ச பொறவுதானுங்க தூக்கம் வந்துது. இவளுக்கும் அதையே சொல்லிச் சொல்லித்தான் எழுப்பி உக்கார வெச்சேன். யாரும் நமக்கு அநியாயம் பண்ணலை, நம்ம நேரம் அப்படின்னு. இப்ப நானே ஊர் முன்னால போய், அது செல்லாத கோடுன்னு சொன்னா..."

  கருப்பண்ணன் இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது.

"அது அநியாயந்தாண்டா ரங்கா. வேற யாரும் சொல்ல வேண்டாம், நானே சொல்றேன். பெரிய அநியாயம். அன்னிக்கே எனக்குத் தெரியும்."

சின்னாயி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். கருப்பண்ணன் முன்னால் அவள் ஒரு நாளும் நின்று பேசியவளில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். 

"மாமா, அப்படிச் சொல்லாதீங்க" என்றாள். "உங்க காலைப் புடிச்சுக்கறேன். வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க. அதை மட்டும் சொல்லாதீங்க."

கருப்பண்ணன் அவளைப் பார்த்தார். ரங்கனைப் பார்த்தார். தன் காடு, மஞ்சள் பாத்தி, அங்கே காத்துக்கொண்டிருக்கிற ஆராயி எல்லாம் ஒரு தடவை கண்ணில் வந்து போயின.

"இல்லீம்மா" என்றார். "வாய் தவறிச் சொல்லிப்போட்டேன். நியாயந்தான். நான் யோசிச்சுத்தான் அந்தக் கோட்டைப் போட்டேன்."

சின்னாயி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று வெளிச்சம் இருக்கும்போதே அவர் கிளம்பிவிட்டார். ஊர் போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே கைலாசத்தின் வாசலுக்குப் போனார். மணியனையும் வரச் சொன்னார். ரங்கன் அன்றைக்கே மனசார ஒத்துக்கொண்டதாகத் தன்னிடம் சொன்னான் என்று சொல்லிவிட்டு, காட்டையும் வீட்டையும் எப்போது ஒப்படைக்கவேண்டும் என்று மணியனிடம் கேட்டார்.